மூச்சை விடச் சொல்ல மறந்தேன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் பேசினால் நீயும் அழுவாய், நானும் அழுவேன், உன் அப்பா நடுவில் புகுந்து சிக்னல் சரியில்லை என்பார், அதனால்தான் எழுதுகிறேன். சூரியப் புயலில் சிக்கி, நீ செய்த சிப்பைச் சுமந்து போன விண்கலம் பேச்சுமூச்சில்லாமல் போய்விட்டது என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு வேலையே ஓடவில்லை. இந்தக் காலத்தில் போய் இவ்வளவு சின்ன, பழைய மாதிரி சிப்பா என்று கூட இருப்பவர்களே உன்னைக் கேலி செய்ததும், நீ ஒற்றைக் காலில் நின்று அதையே வைத்ததும் எனக்குத் தெரியும். அது படுத்துவிட்டால் பழி முழுக்க உன் தலையில்தான் என்பதும் தெரியும்.

அந்த சிப்பைப் பற்றி எங்கள் எக்ஸ்ரே அறையில் நான் பீற்றிக்கொள்ளாத ஆள் இல்லை. விண்வெளியிலே கதிர்வீச்சு நம்ம ரூமை விட மோசமாச்சே, ஈயக் கவசம் போட்டு அனுப்பினாங்களா என்று டாக்டர் கேட்டார். அந்த வெயிட்டைத் தூக்கிட்டு ராக்கெட் எப்படிப் போகும் டாக்டர், என் பொண்ணு சிப்பையே அடி தாங்குற மாதிரி செஞ்சிருக்கா என்றேன். கணக்குப் போடும் எண்களைத் தட்டு அடுக்கு மாதிரி மேலே வைப்பது, மேலிருந்தே எடுப்பது, உள்ளே உறுப்புகள் குறைவு, அதனால் அடிபடும் இடமும் குறைவு என்று நீ சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன். உன் அப்பா சோதித்துப் பார்க்கிறேன் பேர்வழி என்று அடுக்கின் நடுவிலிருந்து ஒரு தட்டை உருவி, இரண்டை உடைத்தார். இப்போது பாத்திரம் துலக்குவது அவர் பொறுப்பு.

நேற்று நடந்ததைக் கேள். லாரி டிரைவர் ஒருவருக்கு நெஞ்சுப் படம். மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினேன், கதவு தட்டும் சத்தம். திறந்தால் உன் அப்பா, முழங்காலையும் மறந்து ஓடி வந்திருக்கிறார். பேசிடுச்சாம், மத்த கருவியெல்லாம் படுத்துக் கிடக்க நம்ம பாப்பா சிப்பு மட்டும் தானா எழுந்து பேசிடுச்சாம் என்கிறார். வாசலிலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பிறகுதான் உள்ளே ஆள் இருப்பது உறைத்தது. மூச்சை விடுங்க என்று நான் சொல்லவே இல்லை! பாவம், கன்னம் உப்பி, முகம் சிவந்து அப்படியே நிற்கிறார் மனுஷர். விஷயத்தைச் சொன்னதும், உங்க பொண்ணுக்காக இன்னும் கொஞ்சம் பிடிச்சிருப்பேனேம்மா என்று சிரித்தார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை, பாப்பா. கேலி செய்தவர்களிடம் எதையும் குத்திக் காட்டாதே. காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பாதே. உன் கைபட்டதெல்லாம் இப்படியே எழுந்து நிற்கட்டும், நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும். புயல் தொடங்கிய அன்று நீயும் மூச்சை இழுத்துப் பிடித்தாய், உன்னிடமும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அம்மா சொல்கிறேன், இனி விடு.

இப்படிக்கு,
எக்ஸ்ரே அறையிலிருந்து உன் அம்மா