லித்தியம் ஹைட்ரைடின் கடைசி மூன்று புள்ளிகள்

என் பத்மா அக்கா,

இல்லை, தப்பு உன்னுடையது இல்லை. அந்த மூன்று புள்ளிகளையும் மையில் போட்டவள் நான்.

லித்தியம் ஹைட்ரைடு. இரண்டே அணுக்கள், நான்கே எலக்ட்ரான்கள். அணுக்களைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி, ஒவ்வொரு தூரத்திலும் ஆற்றல் எவ்வளவு என்று துறைக் கணினியில் கணக்கிட்டாய். மிகவும் விலகியதும் கணக்கு எந்த எண்ணிலும் நிலைக்காமல் அலைந்தது. அங்கே மட்டும் உன் ஊகத்தைப் பென்சிலில் குறித்தாய்.

நீ ஆஸ்பத்திரியில் படுத்த வாரம் நான் அந்த வரைபடத்தை மையில் வரைந்து எடுத்து வந்தேன்.

"கை சுத்தமா இருக்குடி. என்னோடது கோழி கிளறின மாதிரி இருக்கும்" என்றாய்.

அதற்குமேல் பார்த்தாயா? பார்த்தும் என் முகத்துக்காக விட்டுவிட்டாயா?

நீ போனதிலிருந்து எட்டு வருஷமாக அது உன் ஆய்வு வழிகாட்டி சாரின் அறைச் சுவரில் இருக்கிறது. புதிதாக நிரல் எழுதுகிறவர்கள் முதலில் உன் கோட்டோடு ஒத்துப்போக வேண்டும். துறையில் அது வழக்கமாகிவிட்டது. நானும் இங்கேதான் படிக்கிறேன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இந்த வருஷம் அஷ்வினி என்று ஒரு மராத்திப் பெண். எலக்ட்ரான்கள் கூடக்கூட நம் கணினி திணறும் இல்லையா, குவாண்டம் கணினி அவ்வளவு திணறாதாம். அப்படி ஒன்று இன்னும் உருப்படியாக வரவில்லை. வந்தால் எப்படிக் கணக்கிடும் என்பதைச் சாதாரண கணினியிலேயே நடத்திப் பார்க்கிறாள். அவள் கோடு உன்னுடையதோடு ஒட்டியே போய், கடைசி மூன்றில் பிரிந்தது.

பத்மாவுடையது தவறாது, உன் நிரலைப் பார் என்றார் சார். இரண்டு மாதம் பார்த்தாள்.

"தீதி, கல்தி மேரீஹி ஹோகி." அக்கா, தவறு தன்னுடையதாகத்தான் இருக்கும் என்கிறாள். ஆய்வையே விடப்போகிறாளாம்.

வீட்டில் உன் பெட்டியைத் திறந்தேன். உன் பழைய தாள் இருந்தது. கடைசி மூன்றும் பென்சில் புள்ளிகள். பக்கத்தில் மிகச் சிறியதாக, "கணக்கிடவில்லை". அன்று எனக்கு அது அழுக்காகத் தெரிந்திருக்க வேண்டும்; மையில் வரையும்போது விட்டுவிட்டேன்.

இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. சுவரிலிருந்து உன்னை இறக்குவது நானாகவா இருக்க வேண்டும்? கடைசியில் அப்பாவிடம் சொன்னேன். கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் மருந்து நிறுத்துக் கொடுத்த மனிதர், ஒன்றுதான் கேட்டார்.

"அவ இருந்தா அந்தப் பொண்ண அழ விட்டிருப்பாளா?"

இனி யாராவது உன்னைத் தவறே செய்யாதவள் என்றால், தெரியாததைத் தெரியாது என்று எழுதி வைத்தவள் என்று சொல்வேன். இது சத்தியம்.

இன்று காலை இரண்டு தாள்களையும் சாரின் மேசைமேல் வைத்து, மை என்னுடையது என்றேன். பிறகு அஷ்வினியைக் கேம்ப் கடைத்தெருவுக்கு அழைத்துப் போய்ச் சாப்பிட வைத்தேன்.

உன் ஒரே தங்கை,
சுமதி