தங்கை கொடுத்த நாட்கள்

அக்டோபர் 27
குளிக்கும்போது பார்த்தேன், கைக்காப்பு சிவப்பாகிவிட்டது. பிறந்தபோது அரசு அளந்து கட்டிவிட்ட ஆயுளில் எனக்கு மிச்சம் இந்தக் குளிர்காலம் மட்டும்தான். நோய் எதுவும் இல்லை. டிப்போவில் மேலதிகாரியை எதிர்த்துப் பேசிய ஒவ்வொரு முறையும் அபராதமாக ஆயுளை வெட்டினார்கள். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். இருந்திருக்கலாமா?

அக்டோபர் 29
துதுல் போனில் கத்தினாள். தங்கைக்கு எப்படித்தான் தெரிந்ததோ.

"பாய் ஃபோட்டாவுக்கு வரேன். அன்னைக்கு ஒருநாள்தான் அண்ணனுக்குத் தங்கச்சி ஆயுள் குடுக்கலாம். பேசாம உக்காந்து நெத்தியைக் காட்டு, பொட்டு வெச்சுக் குடுத்துட்டுப் போறேன்."

"உனக்குப் பொண்ணு இருக்காடி!"

"அவளுக்கு மாமாவும் வேணும்."

அக்டோபர் 30
வேண்டாம். வேண்டாம்தானே? உள்ளே ஒரு நாய் வாலாட்டிக்கொண்டே இருக்கிறது. சீ.

அக்டோபர் 31
காளி பூஜை. தெருவெல்லாம் வெடிச் சத்தம். நெற்றியைக் காட்டினால்தானே பொட்டு வைப்பாள்? ஆளே இல்லாவிட்டால்?

நவம்பர் 2
இன்றுதான் பாய் ஃபோட்டா. விடிவதற்குள் ரயிலேறி ராணாகாட்டில் நண்பன் ஹாபுல் வீட்டுக்குப் போய்விட்டேன். துதுலின் பொட்டுக்குத் தப்பி வந்ததைச் சாப்பிடும்போது பெருமையாகச் சொன்னேன். மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான்.

"அட முட்டாளே! ஊர்ல இல்லாத அண்ணனுக்குத் தங்கச்சிங்க சுவத்துல பொட்டு வெப்பாங்களே, தெரியாதா?"

தெரியாது. ஒரு வருஷமும் நான் ஊரில் இல்லாமல் இருந்ததில்லை.

"சட்டப்படி அது செல்லாதுடா."

"செல்லும்டா. துபாய்ல இருக்கறவனுக்கெல்லாம் பின்ன எப்படிப் போகுது? பேரைச் சொல்லி சுவத்துல வெச்சா போதும்."

காப்பைப் பார்த்தேன். பச்சை. ஐயோ துதுல், என்னடி பண்ணிட்ட!

கல்கத்தா திரும்பும்போது சாயங்காலம். பூட்டிய என் கதவுக்குப் பக்கத்தில், சுவரில் சந்தனப் பொட்டு. படியில் சந்தேஷ் டப்பாவோடு அவள்.

"எவ்வளவு குடுத்த?"

"பாதி."

"பைத்தியமாடி நீ?"

"ஓடிப்போனவன் பேசாத. இனிப்பைத் தின்னு."

தின்றேன். அழுதுகொண்டே தின்றேன். சந்தோஷமாகவும் இருந்தது, அதை யாரிடம் சொல்வது?

நவம்பர் 10
டிப்போவில் மேலதிகாரி, கர்ப்பிணியான ஷெஃபாலியை நாற்காலியிலிருந்து எழுப்பி நிற்க வைத்தான். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். ஷெஃபாலியும் பார்த்தாள்.

நான் பேசவில்லை. இனி அவர்கள் வெட்டினால் துதுலின் நாட்களைத்தான் வெட்டுவார்கள்.