இரண்டு கையிலும் பஞ்சு

செவ்வாய், இரவு.

காந்திபுரம் லேபில் காலையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை பார்த்தேன். ஆறு புள்ளி ஒன்று, பார்டர் என்றார்கள். இரண்டு இடத்தில் விசாரிக்காமல் நான் எந்தச் செய்தியும் எழுதியதில்லை. மதியம் கணபதியில் இன்னொரு லேபுக்குப் போனேன்.

“ஏனுங்க, அந்தக் கையிலயும் குத்தியிருக்குது? அவிங்க மேல நம்பிக்கையில்லீங்களா?” என்று சிரித்தாள் ரத்தம் எடுத்த பெண். மாலையில் அங்கும் அதே எண்.

ரிப்போர்ட் நாளைக்குத்தான் வரும் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் அப்பாவின் கால் சர்க்கரையில்தான் போனது. சட்டையைக் கழற்றியபோது இரண்டு கையிலும் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்துவிட்டாள்.

“பொய் சொல்றதுன்னா பஞ்சைப் பிச்சுப்போட்டு வந்திருக்கோணுமுங்க.”

“வெறும் பார்டர்தான்.”

“எங்கப்பனுக்கும் மொதல்ல அப்படித்தானுங்க சொன்னாங்க.”

இப்போது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். தூங்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். கேட்டு உறுதி செய்யவில்லை.