தடுப்பாட்டத்துக்கு ஓர் ஆள்

ஆஷ்கிராஃப்ட், அயோவா
1987 ஜனவரி 8

அன்புள்ள பெர்னிஸ்,

நீயும் ஹாலிஸும் பிள்ளைகளும் சௌக்கியம் என்று நம்புகிறேன். இங்கே சௌக்கியத்துக்கும் குறைவில்லை, பனிக்கும் குறைவில்லை. வாசலில் குவிந்ததை இவர் வாரித் தள்ளுவார் என்று இரண்டு நாள் பார்த்துவிட்டு நானே மண்வெட்டியை எடுத்தேன். ஃபுட்பால் பயிற்சியாளரைக் கட்டிக்கொண்டவளுக்கு மண்வெட்டியும் சீதனத்தோடு வந்துவிடுகிறது.

உங்கள் தலைமைப் பயிற்சியாளரை நீக்கிய கையோடு அவருக்குக் கீழே இருந்த எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. இந்தத் தொழிலில் இது வழக்கம்தான், நமக்கென்ன புதிதா? ஆனாலும் உன் அக்கா வீட்டு மாடியில் நான்கு பேர் முடங்கிக் கிடப்பதும், ஹாலிஸ் மரக்கடையில் பலகை ஏற்றி இறக்குவதும் நினைக்கவே கஷ்டமாக இருக்கிறது. அவருடைய தடுப்பாட்டத்துக்கு முன்னால் பெரிய பெரிய கல்லூரிகளே திணறின என்று இவர் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார் தெரியுமா!

இப்போது நல்ல சேதிக்கு வருகிறேன். போன பருவத்தில் எங்கள் பையன்கள் ஜெயித்தது இரண்டே ஆட்டம். எங்களிடம் தடுப்பாட்டம் என்று ஒன்று இருந்ததா என்பதே சந்தேகம். எதிர் அணிப் பையன்கள் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தபால்காரர் தெருவில் போகிற மாதிரி எங்கள் ஆட்களுக்கு நடுவே போனார்கள். அதற்குப் பொறுப்பாக இருந்த பயிற்சியாளர் ஓய்வு வாங்கிக்கொண்டு அரிசோனா வெயிலுக்குப் போய்விட்டார். அந்த இடம் காலி. "இன்னும் ஒரு வருஷம் பாக்கலாம், மெர்ல்" என்று கல்லூரித் தலைவர் இவரிடம் சொல்லியிருக்கிறார். அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நேற்று சாப்பிடும்போது இவரே பேச்சை எடுத்தார். "ஹாலிஸை வரச்சொல்லி பெர்னிஸுக்கு ஒரு கடிதம் போடு. நான் கூப்பிட்டா அவன் வறட்டு கௌரவம் பாப்பான். நீ எழுதினா அவ கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துருவா" என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சௌத் டகோடாவில் ஒரே வீட்டைச் சுவர் வைத்து இரண்டாகப் பிரித்துக் குடியிருந்தோமே, அப்போது இவர்கள் இருவருக்கும் சேர்த்து உருப்படியான கோட்டு ஒன்றுதான் இருந்தது. வேலை கேட்டுப் பேட்டிக்குப் போகிறவர் அதை மாட்டிக்கொண்டு போவார். மறுபடி ஒரே ஊரில் இருக்கப்போகிறோம் பெர்னிஸ்!

முடிவாகவில்லை என்றுதான் சொல்ல வேண்டுமாம். அது அவர்கள் பாஷை. உனக்கு நான் சொல்கிறேன், நம்பிக் கிளம்பி வா. ஆண்கள் அலுவலகத்தில் உட்காரட்டும், நாம் வீடு பார்க்கலாம். மேப்பிள் தெருவில் ஒன்று காலியாக இருக்கிறது, சமையலறைக்குக் காலை வெயில் வரும். வழியெல்லாம் பனி, ஹாலிஸை நிதானமாக ஓட்டச் சொல்.

உன் கார் சத்தத்துக்காகக் காதைத் தீட்டி வைத்திருக்கும்,
லெனோரா


ஆஷ்கிராஃப்ட்
ஜனவரி 27

அன்புள்ள பெர்னிஸ்,

பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்ததாக நீ போட்ட கார்டு கிடைத்தது. இங்கே குளிர் விடவில்லை. தேவாலயத்துக் கூரை மறுபடி ஒழுகுகிறது, பாடல் குழுவை இடப்பக்கம் நகர்த்தி உட்கார வைத்திருக்கிறார்கள். எங்கள் நாய்க்கு வயிறு சரியில்லை. என் மகள் கணக்குப் பரீட்சையில் தப்பித்துவிட்டாள்.

ஹாலிஸ் நன்றாக ஓய்வெடுத்துக்கொண்டாரா? அன்று காலையிலிருந்து இருட்டும்வரை கரும்பலகைக்கு முன்னால் நின்றே பேசியிருக்கிறார், பாவம். சட்டைக் கையெல்லாம் சுண்ணக்கட்டித் தூளோடுதான் சாப்பிட வந்தார். அவ்வளவு விவரமாகச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று எனக்குத் தோன்றுகிறது. சொல்லாதே என்று அவரிடம் யார் சொல்வது? இவர் கேட்கக் கேட்க அவர் சொன்னார்.

வேலை விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். "இன்னும் ஒண்ணும் முடிவாகல, ரெண்டு மூணு பேரைப் பாத்துட்டிருக்கோம்" என்று எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

மேப்பிள் தெரு வீட்டு ஜன்னல்களுக்கு மஞ்சள் துணி வாங்கியிருப்பதாக எழுதியிருக்கிறாய். இப்போதைக்கு வெட்ட வேண்டாம். துணி எங்கே ஓடிவிடப் போகிறது? உன் பள்ளிக்கூட வேலையையும் விட வேண்டாம். பிள்ளைகளிடம் ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டாயா? சொல்லவில்லை என்றால் கொஞ்சம் பொறு.

விரல் வலிக்கிறது, அதனால் கையெழுத்து இப்படி.

லெனோரா


ஆஷ்கிராஃப்ட்
ஏப்ரல் 27, திங்கள்

பெர்னிஸ்,

முதல் சொல்லை எழுதாமல் விட்டிருக்கிறேன். அதை எழுதுகிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று நீதான் சொல்ல வேண்டும். இதைக் கிழித்துப் போடுவதென்றால் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் கிழி. அது ஹாலிஸின் வேலை சம்பந்தப்பட்டது. நடுவில் இருப்பது என் கதை, அதைப் படித்தே ஆக வேண்டும் என்றில்லை.

கென்ட்டுக்கு அந்த வேலையைக் கொடுத்ததை நீங்கள் செய்தித்தாளில் பார்த்துத் தெரிந்துகொண்டீர்கள். கென்ட்டை உனக்கு ஞாபகம் இருக்கும். இவருக்குக் கீழே வேலை பார்க்கிற சின்னவன். ஹாலிஸ் வரைய வரைய மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படம்போட்டு எடுத்துக்கொண்டிருந்தான். "கத்துக்கட்டும்னு உக்காரவச்சிருக்கேன்" என்று இவர் சொன்னதற்கு ஹாலிஸ் எவ்வளவு சந்தோஷப்பட்டார்! பையனுக்குப் புரியாத இடத்தை இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை வரைந்து காட்டினாராம்.

விஷயம் எனக்கே பிறகுதான் தெரியவந்திருக்கும் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிடத்தான் இத்தனை நாள் ஆசைப்பட்டேன். அப்படி இல்லை, பெர்னிஸ். ஹாலிஸ் வரைந்து காட்டிய அன்று சாயங்காலமே எனக்குத் தெரியும்.

நீங்கள் மேசையில் உட்கார்ந்திருந்தீர்கள். ஹாலிஸ் முள்கரண்டிகளை வரிசையாக அடுக்கி, பாய்ந்து வருவதுபோல நிற்கிறவன் பின்வாங்குவதையும், சும்மா நிற்கிறவன் எதிர்பாராமல் பாய்வதையும் உனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நீயும் முதல் தடவை கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தாய். சமையலறையில் இவர் இறைச்சியைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். நான் சந்தோஷம் தாங்காமல், "எப்ப சொல்லப்போறீங்க? இன்னைக்கே சொல்லிருங்களேன், பெர்னிஸ் முகத்தைப் பாக்கணும் எனக்கு" என்றேன். இவர் கத்தியைக் கீழே வைக்கவில்லை. "சொல்றதுக்கு என்ன இருக்கு? வேலையைப் போன வாரமே கென்ட்டுக்குக் குடுத்தாச்சு. வெளியாளுக்குக் குடுக்கிற சம்பளம் கல்லூரியில இல்லை" என்றார்.

"அப்ப இவங்களை எதுக்கு வரச்சொன்னீங்க?"

"கென்ட்டுக்கு என்ன தெரியும்? ஹாலிஸுக்குத்தான் தெரியும். அதான்."

இப்படிச் செய்கிறவர்களை நாம் சேர்ந்து எத்தனை தடவை திட்டியிருக்கிறோம். பேட்டி என்று கூப்பிட்டு, ஒருவன் மூளையை வழித்து எடுத்துக்கொண்டு, போய் வா என்று அனுப்புகிறவர்களை. "இப்பவே போய் சொல்லிடுறேன்" என்றேன். "சொல்லு. தாராளமா சொல்லு. இந்த வருஷமும் தோத்தா அடுத்து வீடு தேடப்போறது நாம. உன் மக கடைசி வருஷப் படிப்பை எந்த ஊர்ல முடிப்பான்னு அவகிட்டயும் சொல்லிடு" என்றார்.

நான் தட்டை எடுத்துக்கொண்டு வந்து பரிமாறினேன். உருளைக்கிழங்கு இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று ஹாலிஸைக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்து, "லெனோரா, இந்த உதவியை உசிரு இருக்கிறவரை மறக்கமாட்டேன்" என்றார். நான் சிரித்தேன்.

அதைவிட மோசமானது மறுநாள் காலை. உன்னை மேப்பிள் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போகாமல் இருந்திருக்கலாம். தலைவலி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நீ கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் தயாராக நின்றாய். அந்த வீட்டில் நீ ஒவ்வொரு ஜன்னலாக அளந்தாய். நாடாவின் ஒரு முனையை என்னிடம் கொடுத்தாய். நான் பிடித்துக்கொண்டேன் பெர்னிஸ். கடைசி ஜன்னல்வரை பிடித்துக்கொண்டேன். பயந்துபோய்த்தான் பிடித்தேன், ஆனால் பயம் ஒரு சமாதானமா? உன் வீடு போனாலும் போகட்டும், என் வீடு இருக்கட்டும் என்று என் மனசு நினைத்திருக்கிறது. என்னைப் பற்றி இப்படி ஒன்று எனக்கே தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது, வெட்கமாக இருக்கிறது. தேவாலயத்தில் யாராவது அன்பாக விசாரித்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

இந்த மாதம் பதினோராம் தேதி எங்கள் பையன்களை இரண்டாகப் பிரித்து ஊராருக்காக ஆட வைத்தார்கள், வழக்கமாக வசந்தத்தில் நடத்துவதுதான். தடுப்பாட்டப் பையன்கள் புகுந்து விளையாடினார்கள். பந்தை எறிகிறவனுக்கு யார் வருகிறார்கள், எங்கிருந்து வருகிறார்கள் என்றே புரியவில்லை. ஊரே எழுந்து நின்று கைதட்டியது. எனக்கு முள்கரண்டிகள்தான் தெரிந்தன. பத்திரிகைக்காரர் கேட்டதற்கு இவர், "நானும் கென்ட்டும் உக்காந்து யோசிச்சு உருவாக்குனது" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

இனி கடைசிப் பக்கம்.

அந்த ஆட்டத்தின் டேப் எப்படியோ மொன்டானாவில் ஒரு கல்லூரித் தலைமைப் பயிற்சியாளர் கைக்குப் போயிருக்கிறது. பெயர் ஆல்வின் ப்ரூக்ஹவுஸ். நேற்று மத்தியானம் அவர் எங்கள் வீட்டுக்கு ஃபோனில் கூப்பிட்டார். அவருடைய தடுப்பாட்டப் பயிற்சியாளர் திடீரென்று வேறு இடம் போய்விட்டாராம். இன்னொருவருடைய ஆளிடம் பேசுவதற்கு முன்னால் அவரிடம் அனுமதி கேட்பது முறை அல்லவா, அதற்காக, கென்ட்டைப் பற்றிப் பேச மெர்ல் இருக்கிறாரா என்று கேட்டார். இவர் வீட்டில் இல்லை. "பரவாயில்லம்மா, அப்புறம் கூப்பிடுறேன். அந்தக் கென்ட் போட்ட ஆட்டத்தைப் பாத்து அசந்துட்டேன்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

"அது கென்ட் போட்டது இல்லைங்க" என்றேன்.

"மெர்லா?" என்றார்.

"மெர்லும் இல்லை. அது ஹாலிஸ் டக்கெட்டோடது. வேலை தர்றோம்னு வரவழைச்சு, பலகையில எழுதவச்சு, எடுத்துக்கிட்டோம்" என்றேன். எடுத்துக்கிட்டாங்க என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர், "ஹாலிஸ் இப்ப எங்க இருக்காரு?" என்று கேட்டார். உன் அக்கா வீட்டு எண்ணைக் கொடுத்தேன்.

இவரிடம் நானே சொன்னேன், மறைக்கவில்லை. "கட்டினவன் சோத்துல மண்ணை அள்ளிப் போட்டுட்டியேடி" என்று கத்தினார். அப்புறம் கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கோபமா, வெட்கமா, எனக்குத் தெரியவில்லை. வெட்கம் என்றால் எங்கள் குடும்பத்துக்கு இன்னும் கொஞ்சம் நம்பிக்கை மிச்சம் இருக்கிறது. இதை உன்னிடம் நல்ல பெயர் வாங்குவதற்காக எழுதவில்லை. ஒரு காரணத்துக்காகத்தான் எழுதுகிறேன்.

ப்ரூக்ஹவுஸ் சாயங்காலம் மறுபடி என்னைக் கூப்பிட்டார். "நம்பர் சரிதானாம்மா? மணி அடிச்சுக்கிட்டே இருக்கு. ரெண்டு தடவை முயற்சி பண்ணிட்டேன், யாரும் எடுக்கல" என்றார். ஏன் எடுக்கவில்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? பிப்ரவரியிலிருந்து நான் ஒரு ஞாயிறு விடாமல் கூப்பிடுகிறேன், அன்றுதான் கட்டணம் குறைவு. முதலில் உன் அக்கா எடுத்து, "அவ வீட்ல இல்லை" என்றாள். பின்னாலேயே உன் இருமல் கேட்டது. அப்புறம் ஒரு தடவை நீயே எடுத்து, என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தால் உங்கள் வீட்டில் யாருமே எழுந்திருப்பதில்லை. அது உன் தப்பில்லை.

அவர் வாரம் முழுக்கத் தன் அணிக்கு நல்ல பையன்களைத் தேடி ஊர் ஊராகக் காரில் அலைகிறார். வருகிற ஞாயிறு மத்தியானம் இன்னும் ஒரு தடவை கூப்பிடுவாராம். அன்றும் கிடைக்காவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். அவர் மேல் குற்றமில்லை, அவருக்கும் பருவம் காத்திருக்காது. ஹாலிஸிடம் சொல், வரைந்து காட்டச் சொன்னால் வரையவே வேண்டாம். ப்ரூக்ஹவுஸ் ஏற்கனவே பார்த்துவிட்டார்.

ஹாலிஸ் பலகை சுமந்தது போதும். உன் பிள்ளைகளுக்கு ஓர் ஊர் கிடைக்கட்டும். நீ அளக்கிற ஜன்னல்கள் இனி உன்னுடையவையாகவே இருக்கட்டும். எனக்குப் பதில் எழுத வேண்டாம், நான் கேட்க மாட்டேன். ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன்.

இந்த ஞாயிறு நான் கூப்பிட மாட்டேன். மணி அடித்தால் எடு, பெர்னிஸ்.

லெனோரா