நுரை நிற்கும்வரை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. ஹைதராபாத் திருமுல்கேரி ஆஸ்பத்திரியில் கட்டிலில் உன் அம்மா ஸ்மிதா நலம், கட்டிலடியில் நானும் நலம். உன் நலத்தைத்தான் இன்று ஊசியால் பனிக்குடத் தண்ணீர் எடுத்துப் பார்த்தார்கள். அமெரிக்கா போனவனோடுகூட வீடியோ காலில் பேசலாம், ஒரு முழம் தள்ளி வயிற்றுக்குள் இருக்கிற உன்னோடு முடியாது, அதனால் கடிதம்.

விஷயம் இதுதான். நஞ்சுக்கொடி நீ வரும் வழியை அடைத்துக்கொண்டு கிடக்கிறதாம். காத்திருந்தால் அம்மாவுக்கு ரத்தம் கொட்டும், முன்னாலேயே வயிற்றைக் கிழித்து எடுத்தால் உன் நுரையீரல் தயாரா என்று தெரியாது. எத்தனை வாரம் என்பதிலேயே குழப்பம். ஆரம்பத்தில் ஸ்கேன் எடுக்கவில்லை. கடைசியாகத் தூரமானது, பேட்டைக்கு ஒரு ஞாயிறாக அம்மனுக்குச் சோறு படைக்கும் போனாலுப் பண்டிகை அன்று என்று அம்மா சொல்லியிருந்தாள், டாக்டர் கல்பகம் செகந்திராபாத்காரர், அந்த ஊர் போனாலு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக்கொண்டார். நேற்றுப் பார்த்து அம்மா, அது தன் பிறந்தவீட்டு லால் தர்வாசா போனாலு என்கிறாள், அது அடுத்த ஞாயிறு. "கோயிலுக்குள்ள போகாம நீ வெளிய நின்னது செகந்திராபாத்துலதான், நான் பார்த்தேன்" என்றேன் அவளிடம். "நீ எங்க பார்த்த? சாட்டையோட ஆடிட்டு வர்ற போத்துராஜு பின்னாடி ஆடப் போயிட்ட" என்றாள். டாக்டர் சிரிக்கவே இல்லை. "நீங்க சண்டை போடுங்க, நான் தண்ணியக் கேட்டுக்கறேன்" என்றார். இப்போதெல்லாம் இந்தச் சோதனையை அதிகம் செய்வதில்லையாம்.

என்னால் சும்மா இருக்க முடியுமா, லேப் சலீம் பாயை நச்சரித்து உள்ளே போய் நின்றேன். உன் தண்ணீர் வைக்கோல் நிறம். ஸ்பிரிட் கலந்து குலுக்கினார். நுரையீரல் முதிர்ந்தால் ஒரு வழவழப்பு சுரக்குமாம், மூச்சுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் காப்பது அதுதானாம், அது இந்தத் தண்ணீரிலும் கலந்திருந்தால் நுரை உடையாமல் வளையமாக நிற்குமாம். அப்படியென்றால் நீ உள்ளேயே மூச்சு விட்டுப் பழகுகிறாயா, தண்ணீருக்குள் எப்படி மூச்சு விடுவது என்று கேட்டேன், ஒரு குலுக்கலுக்கு இத்தனை கேள்வியா என்று பாய் சலித்துக்கொண்டார். கண்ணை எடுக்காமல் பார்த்தேன். குமிழிகள் ஒவ்வொன்றாக உடைந்தன. கடைசியில் வெறும் தண்ணீர். உனக்கு ஒரு வாரம் குறைவுதான், லால் தர்வாசாதான் ஜெயித்தது போல, அம்மா சாயங்காலம்வரை சொல்லிக் காட்டினாள், பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டாள்.

ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டார்கள். உன் நுரையீரலுக்காக அம்மாவுக்கு ஊசி போட்டிருக்கிறது. ரத்தம் வராதவரை காத்திருப்போம், வந்தால் உடனே எடுத்துவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு நாளும் எங்களுக்கு லாபம்.

உடம்பும் மூச்சும் பலமாக வளர என் ஆசீர்வாதம். ஒன்றை மட்டும் மறக்காதே. நான் காலேஜில் மூன்றாம் வருஷம் பாதியில் எழுந்து வந்தவன், அதற்காக வருத்தப்பட்டதும் இல்லை. நீ இதில் அப்பாவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளாதே. உள்ளே உன் நாட்களை முடித்துவிட்டு வா.

இப்படிக்கு,
உன் அப்பா
ரஞ்சன்