புது அரிசியில் கொஷாரி

என் பிரியமான ஜெசி சித்திக்கு,

இன்று உங்களுக்கு முதல் ஆண்டு நினைவு. மாலைப் பூசை முடிந்து வந்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். விரல்களில் இன்னும் வறுத்த வெங்காய வாசம் இருக்கிறது. கழுவ மனம் வரவில்லை.

உங்களைச் சுமந்து பெட்டி குவைத்திலிருந்து வந்த அன்றோடு அம்மா உங்கள் பெயரைச் சொல்வதை நிறுத்திவிட்டாள். இது உங்களுக்குத் தெரியுமா? நான் பேச்செடுத்தால் அடுப்பில் ஏதோ இருப்பதுபோல எழுந்து போய்விடுவாள். இப்படியே போனால் இந்த வீட்டில் உங்களைப் பற்றி யாருமே பேசாமல் ஆகிவிடுமோ என்று பயந்தேன். அதனால்தான் இன்றைக்குக் கொஷாரி செய்யலாமா என்று கேட்டேன்.

தவக்காலத்தில் லீவுக்கு வந்தால் ஒரு வெள்ளிக்கிழமை அதைச் செய்வீர்கள், குவைத்தில் உங்களோடு வேலை பார்த்து உங்கள் அறையிலேயே தங்கியிருந்த எகிப்து நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி. தோல் எடுக்காத மைசூர்ப் பருப்போடு வெந்த சோறு, மேலே மக்ரோனி, கொண்டைக்கடலை, பூண்டும் வினிகரும் மணக்கும் தக்காளிக் குழம்பு, எல்லாவற்றுக்கும் மேலே மொறுமொறுவென்று சிவந்த வெங்காயம். அம்மா கிட்டேயே வரமாட்டாள்.

"பந்தி முடிஞ்சு இலைய வழிச்ச மாதிரி இருக்குடி."

"ஒரு வாய் தின்னுட்டுத் திட்டுக்கா," என்று கரண்டியோடு வீடெல்லாம் துரத்துவீர்கள். ஒரு தடவைகூட அவள் சாப்பிட்டதில்லை.

நான் கேட்டதும் அம்மா வழக்கம்போல அடுப்படிக்கு எழுந்து போனாள். பிறகு, "செய். ஆனா அரிசி நம்ம வயல் அரிசிதான்," என்றாள். அறுவடையின் முதல் அரிசியை இறந்தவர்கள் பேரில் பொங்கி அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பது நம் வீட்டு வழக்கம் அல்லவா? தாளடிப் பயிர் அறுத்து, அரைத்து வந்த புது அரிசி இன்னும் மூட்டை பிரிக்காமல் கிடந்தது.

மத்தியானம் தெரு தூங்கிக்கொண்டிருந்தது. பருப்பு வெந்த தண்ணீர், மேட்டூர் அணை திறந்ததும் நம் வாய்க்காலில் முதலில் வருமே, அந்தக் கலங்கல் தண்ணீர் நிறத்தில் இருந்தது. நைல் நதியும் கடலுக்குப் போகும் முன் நம் காவிரி மாதிரிக் கிளை கிளையாகப் பிரிகிறது என்று பள்ளி நூலகத்து அட்லசில் பார்த்திருக்கிறேன். அங்கேயும் நெல் விளைகிறதாம். ஆவியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இரண்டு ஆறுகளும் ஒரே பாத்திரத்தில் மெல்லச் சுற்றுவதுபோல இருந்தது. கரையில் நீங்கள் வெள்ளை யூனிஃபார்மோடு நடந்து போவதுபோலவும் இருந்தது. திரும்பிப் பார்த்தீர்களா, சித்தி?

"புது அரிசி, குழஞ்சிரும். தண்ணிய நெறைய வச்சு வடிச்சிருவோம்," என்றாள் அம்மா.

"வடிக்கக் கூடாதும்மா. பருப்புத் தண்ணியிலயே வத்தணும். சித்தி அப்படித்தான் செய்வாங்க."

"என்னமோ செய்."

ஒன்றுக்கு இரண்டு என்று நீங்கள் ஊற்றும் அதே அளவில் ஊற்றினேன். நீங்கள் எப்போதும் கடையில் பழைய அரிசி வாங்கிவரச் சொல்வீர்கள் என்பது மூடியைத் திறந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஒரு பருக்கைகூடத் தனியாக இல்லை. எல்லாம் களியாகிக் கிடந்தது. பூசைக்குப் பிறகு நான்கு வீடுகளுக்குக் கொடுக்க வேண்டியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மா எட்டிப் பார்த்தாள். கரண்டியால் ஒரு கிண்டு கிண்டினாள். பிறகு என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி, நீங்கள் வெளியே கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பதுபோலச் சத்தமாகச் சொன்னாள்:

"ஏன்டி ஜெசி, புது அரிசிய வத்த விடுறதுன்னா தண்ணி கம்மியா வைக்கணும்னு இந்தப் புள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ஊருக்கெல்லாம் ஊசி போடத் தெரிஞ்சிச்சு உனக்கு."

சொன்ன பிறகுதான் தான் பேசியது அவளுக்கே கேட்டது போலிருக்கிறது. அப்படியே நின்றாள். கண்ணைத் துடைக்கவில்லை. ஒரு கை எடுத்து, மேலே நிறைய வெங்காயம் வைத்து, வாயில் போட்டுக்கொண்டாள்.

"உப்புப் பத்தல," என்றாள். இன்னொரு கை எடுத்தாள்.

கோவிலிலிருந்து வந்ததும் அப்படியே கிண்ணங்களில் போட்டுக் கொடுத்தோம். பக்கத்து வீட்டு மலர் அத்தை, "என்னக்கா, பொங்கல்ல மக்ரோனி கெடக்கு?" என்று கேட்டார்கள்.

"எங்க ஜெசி சமையல்டி அது. மூஞ்சியச் சுளிக்காம சாப்புடு. நானே வருசக்கணக்கா சாப்புடாம அவள ஏசுனவதான்."

இப்போது வாசலில் மலர் அத்தையிடம் நீங்கள் பாவாடையோடு வாய்க்காலில் விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்கே தெரியாத கதை. சிரிப்பு இங்கே வரை கேட்கிறது.

இந்த அறுவடையில் ஒரு மூட்டை நெல்லைத் தனியாகப் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறாள். உங்களுடைய அடுத்த நினைவு நாளுக்குள் அது பழசாகிவிடுமாம். அதுவரை எலி அண்டாமல், ஈரம் படாமல் நான் பார்த்துக்கொள்கிறேன், சித்தி. இது சத்தியம்.

உங்கள் அக்கா மகள்,
ரெஜினா