நீ போடாத ஒரு வரி

நேற்று காரிமங்கலம் சந்தையில் அரைக் கிலோ புளி வாங்கினேன். கடைக்கார அம்மா பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பிரித்தால், கறை பிடித்த தாளில் ஒரு பெண் பிள்ளை நிற்கிறாள். பின்னால் தகரக் கூரை. இரண்டு பக்கமும் அப்பாவும் அம்மாவும், போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிறவர்கள் மாதிரி கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. மேலே கொட்டை எழுத்தில் 'கூலித் தொழிலாளி மகளுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம்'. யார் பெற்ற பிள்ளையோ. அந்தக் கூரையாவது நிஜமாகவே அவர்கள் வீட்டுக் கூரையாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். புளியை ஜாடியில் போட்டுவிட்டுத் தாளைக் கசக்கி எறியப் போனேன், முடியவில்லை. உன் ஞாபகம் வந்துவிட்டது. அந்தத் தாளைப் பார்த்து எனக்கு வேறு யார் ஞாபகம் வரும்?

நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. செத்தவனைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டத்தான் போகிறேன். உயிரோடு இருந்தபோது நான்கு வருஷம் பேசாமல் இருந்து வீணடித்துவிட்டேன்.

தருமபுரி காலேஜில் மூன்று வருஷம் ஒரே பெஞ்ச். மச்சான் என்றுதான் கூப்பிடுவாய். அந்த ஒரு வார்த்தையோடு நம் உறவு முறை சரி. பிறகு நீ எழுதப் போன பேப்பர் பாஷையில் சொன்னால் நீ ஒரு பிரிவு, நான் மற்றொரு பிரிவு. ஊர்ப் பாஷையில் சொன்னால் நீ ஊர், நான் காலனி. என் வீட்டில் நீ எத்தனை தடவை சாப்பிட்டிருப்பாய்! என் மனைவி சாந்தி வைக்கிற கருவாட்டுக் குழம்புக்காகவே ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு வருவாய். உன் வீட்டுக்கு நான் வந்தால் வாசலில் வேப்பமரத்தடியில் நாற்காலி போடுவாய். "அம்மா பழைய காலத்து ஆளு மச்சான், தப்பா நெனைக்காத" என்பாய். உன் அம்மா போய்ச் சேர்ந்த பிறகும் நாற்காலி வேப்பமரத்தடியிலேயேதான் இருந்தது. நானும் கேட்கவில்லை.

நான் ஒதுக்கீட்டில் தேர்வெழுதி அரசு அலுவலகத்தில் எழுத்தரானேன். நீ ஒரு நாளிதழுக்குப் பகுதி நேர நிருபரானாய். சம்பளம் என்று ஒன்றும் கிடையாது, அடையாள அட்டைகூட வருஷா வருஷம் கெஞ்சி வாங்க வேண்டும். ஆனாலும் வண்டியில் 'பிரஸ்' என்று ஒட்டிக்கொண்டு நீ கலெக்டர் ஆபீஸுக்குள் நுழைகிற தோரணை இருக்கிறதே, கலெக்டருக்கே வராது.

நாம் சண்டை போடாத நாள் உண்டா? ஒரு திருவிழாவில் எங்கள் தெருப் பையன்கள் இரண்டு பேரை, உங்கள் தெருவில் வண்டியை விட்டு இறங்காமல் போனார்கள் என்று உங்கள் ஆட்கள் மரத்தில் கட்டி வைத்து அடித்தார்கள். மறுநாள் நீ எழுதியது 'இரு தரப்பினரிடையே மோதல்'. பேப்பரைச் சுருட்டி உன் மூஞ்சிக்கு நேராக நீட்டினேன்.

"அடிச்சவன் ஒரு தரப்பு சரி. மரத்துல கட்டி வெச்சு அடிவாங்குனவன் எப்படிடா இன்னொரு தரப்பு ஆவான்?"

"சாதிப் பேரைப் போட்டா ஊரே பத்திக்கும் மச்சான். நானே எழுதிக் குடுத்தாலும் ஆபீஸ்ல எடிட்டிங் டெஸ்க்ல வெட்டிடுவாங்க. உனக்கு எங்க தொழில் தெரியாது."

அப்படியே பேச்சு இடஒதுக்கீட்டுக்குப் போகும். எல்லாச் சண்டையும் அங்கே போய்த்தான் முடியும். "ஏழைக்குக் குடுங்கடா, நான் வேணாங்கல. ஏழை எல்லா சாதியிலயும் இருக்கான்" என்பாய். உன் பிரிவுக்கும் ஒதுக்கீடு உண்டு. அதைக் கூட்டித் தரச் சொல்லி நடந்த ஊர்வலத்தில் நீயே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நடந்தாய். உன்னுடையதை உரிமை என்று எழுதுவாய், என்னுடையதைச் சலுகை என்று எழுதுவாய். கேட்டால் சிரித்துக்கொண்டே டீக்குச் சொல்லுவாய். அந்தச் சிரிப்பை நானும் நட்பு என்று எடுத்துக்கொண்டேன்.

என் மகள் நிவேதாவுக்கு மெடிக்கல் சீட் கிடைத்த அன்று நான் முதலில் போன் போட்டது உனக்குத்தான். என் தம்பிக்குக்கூட அப்புறம்தான். அரை மணி நேரத்தில் இனிப்புப் பெட்டியோடு வந்துவிட்டாய். அவள் தலையில் கை வைத்தாய். உன் கண் கலங்கியிருந்தது. அதை நான் பார்த்தேன், அது பொய் இல்லை. அதனால்தான் இத்தனை வருஷமும் உன்னை முழுசாக வெறுக்கவும் முடியாமல் கிடக்கிறேன்.

பிறகு போனை எடுத்தாய். கூடத்தைச் சுற்றிப் பார்த்தாய். டைல்ஸ் தரை, ஃபிரிட்ஜ், நான் லோன் போட்டு வாங்கிய சோபா.

"இந்த வூடு ஆகாது மச்சான்."

"ஏன், இதுக்கு என்ன?"

"பின்னாடி ஆட்டுக் கொட்டாய் இருக்குல்ல, அங்க நிக்கலாம். தங்கச்சி, அந்தச் செயினைக் கழட்டிடும்மா. பாப்பா, புது சுடிதார் வேணாம், ஸ்கூல் யூனிபார்ம் போட்டுக்க."

நிவேதா என்னைப் பார்த்தாள். "அங்கிள், அதுல ஆடுதான் கட்டுறோம். நாங்க இங்கதான் இருக்கோம்."

"பேப்பர்ல ஆடு தெரியாது பாப்பா" என்று சிரித்தாய்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? போடா வெளியே என்றிருக்க வேண்டும். சரி, அது வேண்டாம், இங்கேயே எடு என்றாவது சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "நில்லும்மா, மாமா சொல்றாருல்ல." என் பிள்ளை படம் பேப்பரில் வரப் போகிறது என்கிற ஆசை. சாந்தி செயினைக் கழற்றி அரிசி டப்பாவில் போட்டுவிட்டு வந்து நின்றாள். நான் சட்டையைக் கழற்றிவிட்டுப் பனியனோடு நின்றேன். அதை நீ சொல்லவில்லை. நானாகவே கழற்றினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

'ஆட்டுக் கொட்டகையில் படித்து டாக்டராகும் கூலித் தொழிலாளி மகள்.' ஆபீஸில் பேப்பரைப் பிரித்துவிட்டுப் பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார்: "ஏன் சார், நீங்க எப்ப கூலிக்குப் போனீங்க?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. யாரோ ஒரு புண்ணியவான் என் வீட்டு முகப்பைப் படம் எடுத்தான். கழுத்தில் அடையாள அட்டையோடு நான் ஆபீஸில் நிற்கிற படத்தையும் சேர்த்தான். பக்கத்தில் உன் செய்தி. 'அரசு ஊழியர் மகளின் ஏழை வேஷம். சலுகைக்காக எதையும் செய்வார்கள். தகுதி உள்ள பிள்ளைகள் தெருவில்.' வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகச் சுற்றியது. அவள் காலேஜில் போய் இறங்குவதற்கு முன்னாலேயே அது போய் உட்கார்ந்திருந்தது. அவளுடைய சீட்டு என் சம்பளத்தைப் பார்த்துக் கொடுத்தது இல்லை என்று எத்தனை பேரிடம் போய்ச் சொல்ல முடியும்? ஹாஸ்டலில் அவளுக்குக் 'கொட்டாய்' என்று பேர் வைத்தார்கள். அவள் வாங்கிய மார்க்கை யாரும் கேட்கவில்லை.

போனில் அழுதாள். "நான் பொய் சொல்லி வந்தேங்கறாங்கப்பா. நான் எப்பப்பா பொய் சொன்னேன்? அங்கிள்கிட்ட சொல்லி ஒரு வரி போடச் சொல்லுங்கப்பா. எங்க அப்பா அரசு ஊழியர், நாங்க எதையும் மறைக்கலன்னு ஒரே ஒரு வரி."

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நீங்கள் நிருபர்கள் வழக்கமாக உட்கார்கிற டீக்கடைக்கு வந்தேன். நான் உன்னிடம் கெஞ்சினேனே, ஞாபகம் இருக்கிறதா? முப்பது வருஷப் பழக்கத்தில் முதல் தடவையாகக் கெஞ்சினேன்.

"மறுப்புப் போட்டா என் பேரு போயிடும் மச்சான். இனிமே என் மேட்டர் எதையும் எடுக்க மாட்டாங்க. நாலு நாள்ல எல்லாம் மறந்துடுவாங்க, வுடு."

"உனக்கு உன் பேரு. அவளுக்கு அவ பேரு இல்லையாடா?"

அப்போதுதான் உனக்குக் கோபம் வந்தது. டம்ளரை டப்பென்று வைத்தாய். "கவர்மென்ட் உத்தியோகம் பாக்குறவன் மகளுக்கு எதுக்குடா சலுகைன்னு ஊரே கேக்கும். உண்மையப் போட்டிருந்தா உன்னைக் கிழிச்சிருப்பாங்க. நான் உன்னக் காப்பாத்துனேன்!"

எனக்குப் புரிந்துபோனது. ஊரே கேட்கும் என்றாயே, கேட்டது ஊர் அல்ல. கேட்டது நீதான். என் மகளுக்குச் சீட்டு கிடைத்ததில் உனக்கு மனசார சந்தோஷம். ஆனால் அந்தச் சந்தோஷத்தை நீ அனுபவிக்க வேண்டுமென்றால் அவள் பாவப்பட்ட பிள்ளையாக இருந்தாக வேண்டும். சோபாவில் உட்கார்ந்து படித்து, கழுத்தில் செயின் போட்ட அம்மாவின் மகளாக அவள் டாக்டராவதை உன்னால் தாங்க முடியவில்லை. அதனால் எங்களைக் கொண்டுபோய் ஆட்டோடு நிறுத்தினாய். டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். நீ கூப்பிடவில்லை.

அதற்கப்புறம் உன்னைத் தூரத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஒருமுறை மொரப்பூர் ஸ்டேஷனில் ஒரே பிளாட்பாரத்தில் நின்றோம். நீ போனைப் பார்த்தாய், நான் தண்டவாளத்தைப் பார்த்தேன். ரயில் வந்ததும் நீ முன்பெட்டி, நான் பின்பெட்டி.

தண்ணீர் வரவில்லை என்று பெண்கள் குடத்தோடு ரோட்டை மறித்த இடத்தில், படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாயாம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. நான் வந்தேன். வேப்பமரத்தடியில்தான் நின்றேன். பழக்கதோஷம். உன் மனைவி வாசலுக்கு வந்து, "உள்ள வாங்கண்ணா, வந்து மொகத்தப் பாருங்க" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். உன் வீட்டுக்குள் என் கால் படுவதற்கு நீ சாக வேண்டியிருந்தது.

மறுநாள் உன் பேப்பரை வாங்கினேன். நான்கு வருஷமாக நான் தொடாத பேப்பர். உள்பக்கத்தில், ஒரு மூலையில் நீ இருந்தாய். 'சாலை மறியலை வேடிக்கை பார்த்த விவசாயி மயங்கி விழுந்து சாவு.'

இரண்டு தடவை படித்தேன். வேடிக்கை பார்த்த விவசாயி! உனக்கிருந்த ஒன்றரை ஏக்கரில் நீ கடைசியாக எப்போது கால் வைத்தாய்? உன் மகன் போன் பண்ணிக் கேட்டதற்கு, நீ அவர்கள் ஆள் என்பதற்கு ரெக்கார்டு இல்லை என்றார்களாம். நிருபர் என்று போட்டால் நாளைக்கு உன் வீட்டார் நஷ்டஈடு கேட்டு வந்து நிற்பார்கள் என்று நினைத்தார்களோ என்னவோ. போன் கையில் இருக்க, குறிப்பு நோட்டு சட்டைப் பையில் இருக்கச் செத்தவனை, ஒரே வரியில் ஆளையே மாற்றிவிட்டார்கள். உன் தொழிலை உன்மேலேயே காட்டிவிட்டார்கள். அடப்பாவி, எனக்கு அப்போது சிரிப்பு வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நன்றாக வேண்டும் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன்.

அன்று சாயங்காலம் நிவேதா கூப்பிட்டாள். இப்போது கடைசி வருஷம். அந்தச் செய்தியை யாரோ அவளுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

"அப்பா, அங்கிள் விவசாயியா?"

"இல்லம்மா."

"அப்ப ஒரு வரி போடச் சொல்லுங்கப்பா" என்றாள்.

நீ அவளுக்குப் போட மறுத்த அதே ஒரு வரி. நான் உட்கார்ந்து எழுதினேன். 'தங்கள் நாளிதழில் வந்த செய்தியில் குறிப்பிட்டுள்ளவர் விவசாயி அல்லர். வேடிக்கை பார்த்தவரும் அல்லர். தங்கள் நிருபர். பணியில் இருக்கும்போது இறந்தார். திருத்தம் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.' பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒப்புகை அட்டை முத்திரையோடு திரும்பி வந்தது. திருத்தம் வரவில்லை. இரண்டு மாதமாகத் தினமும் அந்தப் பேப்பரைக் காசு கொடுத்து வாங்கிக் கடைசிப் பக்கம் வரைக்கும் பார்க்கிறேன். வராது என்று எனக்குத் தெரியும். உங்கள் தொழில் எனக்குத் தெரியாது என்றாயே, இப்போது தெரியும்.

அந்த அட்டை என் சட்டைப் பையில் இருக்கிறது. புளி சுற்றி வந்த தாளையும் கிழித்து எறியாமல் மடித்து அதோடு வைத்திருக்கிறேன். உன்னை நான் மன்னிக்கவில்லை. என் மகளும் மன்னிக்கவில்லை. ஆனால் யார் கேட்டாலும் நாங்கள் இரண்டு பேரும் சொல்லுவோம், நீ நிருபர்தான் மச்சான்.